ஃபோர்சைட்டில் ஒரு சொட்டு ஆரஞ்சு



தம்பி, உன் கடிதம் கிடைத்தது. ஆர்மரர் கோர்ஸ் முடித்து ஆயுதக் கிடங்கில் உட்கார்ந்த கையோடு உனக்கு முதல் சோதனை வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் தன் 9 எம்.எம். பிஸ்டலை நீட்டி, "ஃபோர்சைட் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது, கொஞ்சம் ஆரஞ்சு பெயிண்ட் வெச்சுக் குடுப்பா" என்று கேட்டாராம். எந்த பெயிண்ட் வாங்குவது என்று எழுதியிருக்கிறாய். கடைக்குப் போகும் முன் அவரிடம் மரியாதையாக ஒன்று கேள்: ஐயாவுக்கு என்ன வயது?

வம்புக்குச் சொல்லவில்லை. பின்னால் பேக்சைட், குழல் முனையில் ஃபோர்சைட், எதிரே டார்கெட், மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. எந்தக் கண்ணாலும் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். அதனால்தான் ரேஞ்சில் வாத்தியார்கள் ஃபோர்சைட் முனையைச் சொல்லி "டிப்பைப் பார், டிப்பைப் பார்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகிவிடுகிறது. கையை நீட்டிய தூரத்தில், ஏறக்குறைய 70 செ.மீ.யில், இருக்கும் ஃபோர்சைட் கலங்கித் தெரியும். கலங்கித் தெரிகிற ஒன்றுக்கு ஆரஞ்சு அடித்தால் ஆரஞ்சு நிறத்தில் கலங்கித் தெரியும், அவ்வளவுதான். படிக்கிற கண்ணாடியும் உதவாது. அது புத்தகத்தின் தூரத்துக்குப் போட்டது. அவரைத் துப்பாக்கியை நீட்டிப் பிடிக்கச் சொல்லி (காலியாக்கிய பிறகு, உன் கண் முன்னால்) கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரை டேப்பால் அளந்து, அந்த செ.மீ. கணக்கை ஒரு சீட்டில் எழுதிக் கொடு. கண் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். பாதிப் பேருக்கு பெயிண்ட் வேலையே அங்கே முடிந்துவிடும்.

மீதிப் பேருக்குக் காரணம் நிஜமாகவே ஃபோர்சைட்தான். இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்கிற நம்முடைய 9 எம்.எம். 1ஏ, பழைய பிரௌனிங் ஹை-பவரின் வழியில் வந்தது. அதன் ஃபோர்சைட் சின்னது, கறுப்பு. நம் டார்கெட்டில் இருக்கிற மனித உருவமும் கருநிறம். கறுப்பில் கறுப்பை வைத்தால் முனை எங்கே முடிகிறதென்று கண் தடுமாறத்தான் செய்யும்.

இதே கறுப்பு வேறோர் இடத்தில் வரம். ஒலிம்பிக் வகைப் போட்டியில் சுடுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. பெரும்பாலானோர் வட்டத்தின் மேலே முனையை வைப்பதில்லை. அதற்குக் கீழே இருக்கும் வெள்ளையில் நிறுத்துகிறார்கள். வெள்ளையில் கறுப்பு முனை கத்தி வெட்டியது போல் தெரியும். அவர்கள் பெயிண்ட் அடிப்பதற்குப் பதில் இருக்கிற பளபளப்பையும் கொன்றுவிடுவார்கள். அந்தக் காலத்தில் கார்பைடு விளக்கில் காட்டிப் புகை பிடிக்க வைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினாலும் அதே வேலை நடக்கும். வெல்வெட் மாதிரி மை படியும், விரல் பட்டால் போய்விடும். (எஃகு சைட்டுக்குத்தான் இது. பிளாஸ்டிக் சைட்டைத் தீயில் காட்டிவிட்டு என்னிடம் வந்து நிற்காதே.) பளிச்சென்று ஒளி திருப்பும் வண்ணத்தையோ ஃபைபர் ஆப்டிக்கையோ சைட்டில் வைக்க சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் அமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியும் இடம் தருவதில்லை. ஆக, யாருடைய துப்பாக்கி, எந்த டார்கெட், எந்த வெளிச்சம் என்று தெரியாமல் பிரஷ்ஷை எடுக்காதே.

இனி நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். குறி வைப்பது ஃபோர்சைட்டின் மேல் விளிம்பால். பெயிண்ட் இருப்பது கண்ணை அந்த விளிம்புக்கு இழுத்து வர. பெயிண்ட்டே குறியாகிவிட்டால் குண்டு போகும் இடம் மாறிவிடும்.

கணக்குப் போட்டுப் பார். உதாரணத்துக்கு கிளாக் 17 பிஸ்டலை எடுத்துக்கொள்: பேக்சைட்டிலிருந்து ஃபோர்சைட் வரை 165 மி.மீ. சுடுகிறவரைப் பார்க்கும் ஃபோர்சைட் முகப்பின் நடுவில் அழகாக ஒரு பொட்டு வைக்கிறாய். பொட்டு விளிம்பிலிருந்து 1 மி.மீ. கீழே இருக்கிறது. சுடுகிறவர் விளிம்பை மறந்து பொட்டை பேக்சைட்டின் மேல்மட்டத்துக்குத் தூக்குகிறார். முனை 1 மி.மீ. ஏறிவிட்டது. 25 மீட்டரில் அது 15 செ.மீ. உயரம். நெஞ்சுக்கு வைத்த குறி கழுத்துக்குப் போகும். அவர் வந்து துப்பாக்கியைத்தான் திட்டுவார். 5 மீட்டரில் அதே பிழை 3 செ.மீ.தான், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கிட்டத்தில் வேகமாகச் சுடுபவர்களுக்குப் பொட்டு பிடிப்பது இதனால்தான். 1930-களில் ரிவால்வர் வேகத்துக்குப் பேர்போன மொன்டானாக்காரர் எட் மக்கிவர்ன் தங்க மணி பதித்த ஃபோர்சைட்டைத்தான் விரும்பினார். அவர் கையும் அவர் வேலையும் வேறு. நீ பொட்டு வைக்காதே. முகப்பின் மேல்பாதியை விளிம்பு வரை சதுரமாக நிரப்பு.

விளிம்பு வரை என்றேன், விளிம்பைத் தாண்டி இல்லை. மேல்தலையில் பெயிண்ட் வழிந்து 0.2 மி.மீ. கனத்தில் காய்ந்தால், முனை அவ்வளவு உயர்ந்துவிடுகிறது. 25 மீட்டரில் குண்டு 3 செ.மீ. தாழும்.

வேலைக்கு வா. முதலில் எழுத்தில் அனுமதி. சர்க்கார் துப்பாக்கி, இன்ஸ்பெக்டர் வாய்வார்த்தை போதாது. மேகசினை எடு, ஸ்லைடை இழு, சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரலால் தடவு. மேகசின் இல்லாவிட்டால் 1ஏ-யில் ட்ரிகர் வேலை செய்யாது என்று சொல்லிக்கொண்டு இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு, அவர்களோடு சேராதே. ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, ரவை எதுவும் இல்லாத மேசைக்குக் கொண்டு போ.

எண்ணெய் இருந்தால் எந்த பெயிண்ட்டும் நிற்காது. மொபைல் ரிப்பேர் கடைகளில் வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் தொட்டு முகப்பைத் துடை; பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும் வரை துடை. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம்: சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அசிட்டோன் பிளாஸ்டிக்கைத் தின்னும். பிறகு ஸ்லைடை வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி நட்டுக்குத்தாக, சுருட்டிய துணிக்குள் நிறுத்து. இப்போது ஃபோர்சைட்டின் பின்முகம் வானத்தைப் பார்க்கும். முகம் சரிவாக இருந்தால் அது மட்டமாகும் வரை ஸ்லைடைச் சாய். பிரஷ் வேண்டாம், பல்குச்சி போதும். நுனியில் ஒரு சொட்டு எடுத்து நடுவில் வைத்து, குச்சியால் மூலைகளுக்குத் தள்ளு. மட்டம் தானாக வந்துவிடும்.

முதல் பூச்சு வெள்ளை. இதைத் தவிர்ப்பவர்கள்தான் "ஆரஞ்சு அடித்தேன், மண் நிறமாக இருக்கிறது" என்று வருவார்கள். நாம் அடிக்கும் ஃபுளோரசன்ட் ஆரஞ்சு பாதி ஊடுருவித் தெரிகிற வகை. கீழே கறுப்பு இருந்தால் வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெள்ளை இருந்தால் திருப்பித் தரும். ஆபீஸ் ஒயிட்னர் வேண்டாம், சுண்ணாம்பாக உதிரும். வெள்ளை நெயில் பாலிஷே நன்றாக நிற்கும். அது முழுக்கக் காய்ந்தபின் ஆரஞ்சை மெல்லியதாக இரண்டு தடவை வை. மேலே நிறமில்லாத பூச்சு போடுவதானால் மேட் வகையாகப் பார்த்து வாங்கு. பளபளப்பு வகை வெயிலில் நட்சத்திரம் போல் மின்னி விளிம்பையே அழித்துவிடும்.

ஆரஞ்சா, பச்சையா? பகலில் கண்ணுக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் கலந்த பச்சை, சுமார் 555 நானோமீட்டர். அந்தி சாய்ந்தால் கண்ணின் ருசி நீலப்பச்சைப் பக்கம் நகரும். வீட்டு வாசலில் செம்பருத்தி இருந்தால் மாலையில் பார்: இலை இன்னும் தெரியும், பூ கறுத்திருக்கும். அதனால் சாயங்காலப் பணி அதிகமுள்ளவருக்குச் சிவப்பு கொடுக்காதே. ஆனால் பச்சை மைதானத்தில், செடிகொடிப் பின்னணியில் பச்சை தொலைந்துபோகும். நான் ஆரஞ்சுக்காரன். நீ உன் ரேஞ்சில் இரண்டையும் அட்டையில் தடவி, கை நீட்டிப் பிடித்துப் பார்த்து முடிவு செய். ஒன்றை மட்டும் இன்ஸ்பெக்டரிடம் தெளிவாகச் சொல்லிவிடு: இது இருட்டில் ஒளிராது. அதற்கு டிரிட்டியம் சைட் வேண்டும். அதுவும் 12 வருடத்தில் பாதி மங்கும்.

பேக்சைட்டைத் தொடாதே, கறுப்பாகவே இருக்கட்டும். அங்கேயும் வெள்ளை வைத்தால் கண் புள்ளிகளை எண்ணிக்கொண்டு நிற்கும்.

பூச்சு ஒரு நாள் முழுக்கக் காயட்டும். வெயிலில் ஃபுளோரசன்ட் நிறம் வெளுக்கும், ஹோல்ஸ்டர் உரசி விளிம்பில் முதலில் உரியும். கிளீன் பண்ணுகிற காவலர் ஃபோர்சைட்டின் மேல் எண்ணெய்த் துணியைப் போட்டுத் தேய்த்தால் சீக்கிரமே ஊறிப் போகும். அவரிடம் நீயே போய்ச் சொல். உரிந்தால் மேலே மேலே பூசாமல், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்.

இன்னொன்று. பெயிண்ட் அடிக்கும் முன் அவரையே 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் ஐந்தைந்து ரவுண்டு சுடச் சொல்லி, தாளில் துப்பாக்கி எண்ணையும் தேதியையும் எழுதி வை. பெயிண்ட் காய்ந்தபின் அதே தூரங்களில் மறுபடி ஐந்தைந்து. 25 மீட்டர் தாளில் குண்டுகள் ஒட்டுமொத்தமாக மேலே ஏறியிருந்தால் அவர் வண்ணத்தைப் பார்த்துச் சுடுகிறார். அன்றைக்கே சுரண்டி எடுத்துவிடு, அவர் முகம் சுளித்தாலும் சரி. ஏறாமல் ஒன்றாகக் கூடியிருந்தால் தாள்களை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.