அடைச்சூடும் அல்பினோ நிறமும்

ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பிரதேசம் ஆகியவற்றின் வறண்ட, கற்கள் நிறைந்த பூமியைத் தாயகமாகக் கொண்டதும், 1854-இல் எட்வர்ட் பிளைத் என்ற பிராணி சாஸ்திரியால் முதன்முதலாக விவரிக்கப்பட்டதுமான சிறுத்தைப் பல்லி, இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எண்ணற்ற வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்து வருகிறது. நம் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. சுவரேற உதவும் ஒட்டுத் தகடு இதன் விரல்களில் இல்லை. கருநிறம் குன்றிய அல்பினோ வகை 1990-களில் அமெரிக்க வளர்ப்பாளரிடையே நிலைபெற்ற காலந்தொட்டு, அதன் நிறத்தையும் முட்டைகளை அடைவைக்கும் உஷ்ணத்தையும் இணைத்துப் பல அபிப்பிராயங்கள் உலவுகின்றன. அவற்றில் ஒவ்வொன்றிலும் உண்மையின் ஓர் இழை கலந்திருப்பதால்தான், அவை முழுப் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்கின்றன.

நம்பிக்கை: முட்டைகளை அதிக உஷ்ணத்தில் வைத்தால் அல்பினோக் குஞ்சுகள் பிறக்கும்.

உண்மை: அல்பினோத் தன்மை மரபணுவின் விளைவு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, மாறுபட்ட மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே கருவில் வந்து சேர்ந்தால் மாத்திரமே அது வெளிப்படும். ஒரே பிரதியை உடைய பல்லி பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். அத்தகைய இரண்டை இணைத்தால், ஒவ்வொரு முட்டையும் அல்பினோவாவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டைகள் இடும் இப்பிராணியில், பல ஈடுகள் கடந்தும் ஓர் அல்பினோவேனும் பிறவாமற் போவது விந்தையன்று. அந்த மரபணு இல்லாத முட்டையை எத்தனை டிகிரியில் வைத்தாலும் அதிலிருந்து அல்பினோ வெளிவராது.

நம்பிக்கை: அசல் அல்பினோ வெண்மையாகவே இருக்கும், பழுப்பு படர்ந்தது கலப்பினம்.

உண்மை: சிறுத்தைப் பல்லியின் மஞ்சள் நிறம் கருநிறத்தோடு தொடர்பற்ற வேறு அணுக்களில் உறைவது, ஆகவே அல்பினோவிலும் அது குறைவின்றி விளங்கும். கருநிறமும் அடியோடு மறைந்துவிடுவதில்லை. கறுப்பாக முதிர வேண்டியது பழுப்பு நிலையிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பழுப்பு எவ்வளவு அடர்த்தியாகப் படியும் என்பதில்தான் அடைச்சூட்டின் செல்வாக்கு புலனாகிறது. ஒரே பெற்றோரின் இரண்டு அல்பினோக் குஞ்சுகளை, ஒன்று 27 டிகிரியிலும் மற்றொன்று 32 டிகிரியிலும் பொரித்ததாகக் கொண்டு, அருகருகே வைத்துப் பார்த்தால் இது பிரத்தியட்சமாகத் தெரியும்: முன்னதன் முதுகில் மஞ்சளுக்கு இடையே குறுக்காக ஓடும் பட்டைகள் காப்பிக்கொட்டையின் நிறத்தில் அழுத்தமாக இருக்கும், பின்னதில் அதே பட்டைகள் வெளிறி, சந்தனமும் இளஞ்சிவப்பும் கலந்த சாயலில் மஞ்சளோடு கரைந்து நிற்கும். இரண்டும் சம அளவில் அல்பினோக்களே. பழுப்புக் குஞ்சைக் கலப்பென்று ஒதுக்குபவர், மரபணுவை அளப்பதாக எண்ணிக்கொண்டு வெப்பமானியையே அளக்கிறார்.

நம்பிக்கை: வெளிர்நிறத் தாய் தந்தையரின் குஞ்சுகளும் வெளிர்நிறமாகவே பிறக்கும்.

உண்மை: வெளிர்மை பல தலைமுறைத் தேர்வினால் வந்திருந்தால், அது சந்ததிக்கும் செல்லக்கூடும், உஷ்ணத்தால் மட்டும் வந்திருந்தால் செல்லாது. முட்டைக்குள் கரு வளர்ந்த நாட்களில் தோலில் நேர்ந்த அந்த மாறுதல் அவ்வொரு பிராணியோடு நின்றுவிடுவது. உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய ஒளிமிக்க ஜோடியின் முட்டைகளைக் குளிர்ந்த பெட்டியில் வைத்துவிட்டு, பழுப்புக் குஞ்சுகளைக் கண்டு ஏமாற்றப்பட்டோமென்று வருந்துவோர் பலர். அவர்களுக்குச் சொல்லப்படாமற் போனது பெற்றோர் பொரிந்த உஷ்ணம்.

நம்பிக்கை: இரண்டு அல்பினோக்களை இணைத்தால் குஞ்சுகள் யாவும் அல்பினோக்களே.

உண்மை: டிரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று வளர்ப்பாளரின் பெயர்களால் வழங்கும் மூன்று அல்பினோ வம்சங்கள் உள்ளன, மூன்றும் தனித்தனியே தோன்றியவை, வெவ்வேறு மரபணுக்களால் ஆனவை. ஒரே வம்சத்தின் இரண்டை இணைத்தால் குஞ்சுகள் யாவும் அல்பினோவாகும். டிரெம்பரையும் பெல்லையும் இணைத்தாலோ, ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்ய, கரும்புள்ளிகள் கொண்ட சாதாரணக் குஞ்சுகளே பிறக்கும். அவை இரு வம்சங்களின் மரபணுவையும் வெளித்தெரியாமல் சுமப்பதால், அடுத்த தலைமுறைகளில் எது எந்த வம்சம் என்று கண்ணால் பிரித்தறிவதும் கடினமாகிவிடும். ஆகவே, வம்சம் தெரியாத அல்பினோவை இணைசேர்க்காதிருப்பதே நேர்மை.

நம்பிக்கை: சூடு ஏற ஏற நிறமும் நன்று; ஆண்களும் மிகுதி.

உண்மை: சில ஓணான், பல்லி இனங்களில் ஆணும் பெண்ணும் அடைச்சூட்டினால் அமைகின்றன என்பதை, 1966-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் மதலேன் ஷார்னியே ஓர் ஓணான் வகையில் முதன்முதலாகக் கண்டு வெளியிட்டார். சிறுத்தைப் பல்லியிலும் அவ்வாறே. ஆனால் அந்தக் கணக்கு நேர்கோட்டில் செல்வதன்று. ஏறக்குறைய 26 டிகிரியில் அநேகமாக யாவும் பெண், 30 டிகிரியிலும் பெண்களே மிகுதி, 32.5 டிகிரியில் ஆண்கள் மிகுகின்றன. 34 டிகிரியை எட்டினால் மறுபடியும் பெரும்பாலும் பெண்களே. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சிகளில், உயர்ந்த உஷ்ணத்தில் பிறந்த பெண்கள் ஆண்களைப் போன்ற மூர்க்க சுபாவம் காட்டின. அதற்கும் மேலே சூட்டை ஏற்றுவோருக்குக் கிடைப்பவை ஊனமுற்ற குஞ்சுகளும் முட்டைக்குள்ளேயே மாண்ட கருக்களுமே.

பால் நிர்ணயமாகும் பருவம் அடைகாலத்தின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுவதால், வெளிர்நிறப் பெண் குஞ்சுகளை விரும்பும் அனுபவசாலிகள் முதற்சில வாரங்கள் 27 டிகிரியில் வைத்து, பின்னர் 31 அல்லது 32 டிகிரிக்கு மெல்ல உயர்த்துவர். முறையாகச் செய்தால் இதில் குற்றமில்லை. காகிதத்தோல் போன்ற மெல்லிய ஓடுடைய முட்டைகளை, சம எடை நீர் கலந்த வெர்மிகுலைட்டில் பாதி புதையும்படி, இட்ட நிலை புரளாமல் வைக்க வேண்டும். வெப்பமானியின் முனை பெட்டியின் மூடியில் அன்றி, முட்டைகளின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அல்பினோவா அன்றா என்பதை மரபணு தீர்மானிக்கிறது. அந்த அல்பினோ எத்தனை வெளிர் என்பதில் அடைச்சூட்டுக்கும் பங்குண்டு. இவ்விரண்டையும் குழப்புவதால் வாங்குபவர் பொருளை இழக்கிறார். வாய்பேசா ஜீவன்களோ உயிரையே இழக்கின்றன. அல்பினோவின் கண்கள் கூசும் வெளிச்சத்தைத் தாங்காதவை. அதற்கு நிழலான மறைவிடம் அமைத்துத் தருவது நிறத்தின் அழகைக் காட்டிலும் முந்திய கடமை. குஞ்சை விற்பவர் வம்சத்தின் பெயரோடு அது பொரிந்த உஷ்ணத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். வாங்குபவர் அவ்விரண்டையும் கேட்டறிந்த பிறகே விலை பேசட்டும்.