வீட்டுக்கு ஒரு போன்: தேடும் இடத்தை மாற்றச் சில குறிப்புகள்

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்னும் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன்தான். பகலில் பிள்ளையின் பாடத்துக்கு, மாலையில் மலையிலிருந்து வரும் அம்மாவுக்கு, இரவில் கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோடு பேச. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் இரவு, மாதவிடாய் தாறுமாறாக வருவது பற்றித் தேடிப் பார்த்தேன். மறுநாள் மகன் கணக்குப் பாடம் தேட, தேடும் பெட்டியைத் தொட்டதும், நான் கேட்டது அப்படியே கீழே வந்து நின்றது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு சுருங்கிப்போனது. அதன் பிறகு நான் செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன்.

1. கூகிள் ஒன்றுதான் தேடும் இடம் என்றில்லை. அமெரிக்காவில் 2008இல் கேப்ரியல் வைன்பர்க் தொடங்கிய டக்டக்கோ, நீங்கள் தேடியதை உங்கள் பெயரோடு சேர்த்து எழுதி வைப்பதில்லை. அதிலும் விளம்பரம் வரும். ஆனால் அந்த நேரத்தில் தேடிய சொல்லைப் பார்த்துத்தான் வரும், போன மாதம் தேடியதைப் பார்த்து அல்ல. முடிவுகளில் பெரும்பகுதியை மைக்ரோசொப்டின் பிங்கிடமிருந்து வாங்கித் தருகிறது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், நீங்கள் யார் என்று சொல்லாமல் கூகிளின் முடிவுகளைக் கொண்டுவந்து தரும். 2021இல் வந்த பிரேவ் சேர்ச் சொந்தமாகத் திரட்டிய பட்டியலை வைத்திருக்கிறது. எல்லாமே இலவசம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டக்டக்கோவைத்தான் சொல்வேன், மாற்றுவது லேசு.

2. மாற்றும் வழி: குரோமைத் திறந்து மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதற்குள் சேர்ச் என்ஜின். பட்டியலில் டக்டக்கோவைத் தொட்டால் முடிந்தது. பட்டியலில் இல்லாவிட்டால் ஒருமுறை அதன் தளத்துக்குப் போய் எதையாவது தேடிவிட்டு வாருங்கள், பெயர் வந்து சேரும். இந்தியாவில் போட்டி ஆணைக்குழு 2022இல் கூகிளுக்கு அபராதம் போட்டது. அதன் பிறகு, எந்தத் தேடுபொறி வேண்டும் என்று வாங்குபவரையே கேட்போம் என்று 2023 ஜனவரியில் கூகிள் அறிவித்தது. இங்கே இலங்கையில் அப்படி யாரும் கேட்பதில்லை, நாம்தான் கை வைக்க வேண்டும். போனின் முகப்பில் இருக்கும் கூகிள் பட்டை மட்டும் இதனால் மாறாது. அதைத் தொட்டால் பழைய இடத்துக்கே போகும்.

3. எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது: போனில் இருக்கும் ஜீமெயில் யார் உருவாக்கியது? டவுனில் போன் வாங்கும்போது கடைத் தம்பியே ஒரு ஜீமெயிலைப் போட்டுக் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும், சில வேளை மீட்பு நம்பரும் கடையுடையதுதான். என் அக்காவின் போனில் அப்படித்தான் இருந்தது. அந்த பாஸ்வேர்ட் தெரிந்தவர் வேறொரு கணினியில் உட்கார்ந்து நீங்கள் தேடியதைப் பார்க்க முடியும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், சாவி நம்மிடம் இருக்க வேண்டும். பாஸ்வேர்டையும் மீட்பு நம்பரையும் மாற்றுங்கள். கூகிள் அக்கவுண்டின் செக்கியூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலைப் பார்த்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். பிள்ளைக்குத் தெரியும் என்று விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

4. தேடுபொறியை மாற்றியதால் பழைய பதிவு அழியாது. கூகிள் அக்கவுண்டில் 'டேட்டா அண்ட் பிரைவசி', அதில் 'வெப் அண்ட் ஆப் அக்டிவிட்டி' என்று போய் நிறுத்துங்கள், பழையதையும் அழியுங்கள். முழுவதும் நிறுத்த மனமில்லையென்றால் மூன்று மாதத்துக்கு மேல் பழையது தானாக அழியும்படி வைக்கலாம். யூடியூப் வரலாறு தனி, அதையும் பாருங்கள்.

5. குரோமின் 'இன்கொக்னிட்டோ' போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது போனில் தடம் விடாது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் தளம் பார்க்கலாம், கூகிளும் பார்க்கலாம். இதற்காக 2020இல் அமெரிக்காவில் கூகிள் மீது வழக்குப் போட்டார்கள். சேர்த்த பதிவுகளை அழிக்க 2024இல் அது ஒத்துக்கொண்டது.

6. பெயர் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். 2006இல் ஏஓஎல் நிறுவனம் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை, பெயரை எடுத்துவிட்டு இலக்கம் போட்டு ஆராய்ச்சிக்கென வெளியிட்டது. ஒரு இலக்கத்துக்குரிய பெண்ணின் வீட்டையே நியூயோர்க் டைம்ஸ் நிருபர்கள் தேடிப் போய்விட்டார்கள். அவர் தேடியதில் ஊரும் குடும்பப் பெயரும் இருந்தன. நம்மைப் பாருங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டுப் பெயர். லயத்தில் இருபது குடும்பம். நோயையோ கடனையோ பற்றித் தேடும்போது இவற்றைச் சேர்த்து எழுதாதீர்கள்.

7. மழை நாளில் சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது டக்டக்கோவின் 'லைட்' பக்கம் கைகொடுக்கும். படம் இல்லை, எழுத்து மட்டும். டேட்டாவும் மிச்சம்.

8. தமிழில் தேடினால் முடிவுகள் கூகிள் அளவுக்கு வராது, உண்மையைச் சொல்கிறேன். டவுனில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்பதற்கும் கூகிள்தான் மேல். அந்த வேளைக்கு, டக்டக்கோ பெட்டியிலேயே ஆச்சரியக்குறி போட்டு அதை ஒட்டி ஆங்கில 'ஜி' எழுத்தையும், இடம் விட்டு நீங்கள் தேடுவதையும் எழுதினால் நேரே கூகிளுக்குப் போகும். 'டபிள்யூ' எழுதினால் விக்கிப்பீடியா. கூகிளுக்குப் போன தேடலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் உடம்பு, பணம், குடும்பம் எல்லாம் டக்டக்கோவில், கடையும் வழியும் கூகிளில் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

9. உடனடிக் கடன், வெளிநாட்டு வீட்டு வேலை என்று தேடினால் எந்தத் தேடுபொறியிலும் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். நம் பெண்கள் ஏமாறுவது இங்கேதான். பெயருக்குப் பக்கத்திலோ மேலேயோ 'அட்' அல்லது 'ஸ்பொன்சர்ட்' என்று சின்ன எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஏஜென்சிக்கு லைசன்ஸ் உண்டா என்பதைப் பணமோ பாஸ்போர்ட்டோ கொடுக்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள்.

10. டக்டக்கோ மறைக்காதவையும் உண்டு. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சிம் கம்பனிக்குத் தெரியும், தேடிய சொல் தெரியாது. எழுதத் தெரியாத அம்மா கீபோர்டின் மைக்கை அமுக்கிப் பேசினால், கீபோர்ட் கூகிளுடையது என்றால் குரல் அங்கே போகலாம். டக்டக்கோவின் சொந்த பிரவுசர் மைக்ரோசொப்டின் சில பின்தொடரிகளைத் (ட்ரக்கர்) தடுக்காமல் விட்டது 2022 மே மாதம் வெளியே வந்தது, ஆகஸ்டில் திருத்தினார்கள். எனவே கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை.

11. டக்டக்கோவின் அந்த பிரவுசர் செயலியில் ஒரு நெருப்புப் பொத்தான் இருக்கிறது. தொட்டால் திறந்திருந்த பக்கங்களும் தளங்கள் விட்டுப்போனவையும் அழிந்துவிடும். போனை மகனிடம் கொடுக்குமுன் அதைத் தொட்டுவிட்டுக் கொடுக்கிறேன். அவனுக்கும் அந்தப் பொத்தானைக் காட்டிவிட்டேன், பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அம்மாவிடம் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும்.