புக்கிட் பாத்தோக் புகட்டும் பாடம்

 

நாம் உண்ணும் சோறும் காய்கறியும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், கடையிலிருந்து வருகின்றன என்று சிறுவர் விடை கூறுவர். கடைக்கு அவை எங்கிருந்து வந்தன என்று மேலும் வினவினால், இறுதி விடை நிலத்தில்தான் சென்று முடியும். அந்நிலமெல்லாம் நகரமாகிவிட்டால் உணவுக்கு என்ன வழி? அண்டை நாடான சிங்கப்பூரில் உள்ள புக்கிட் பாத்தோக் வட்டாரத்தை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வோம்.

ஊர்ப்பெயர் உரைக்கும் வரலாறு

'புக்கிட்' என்பது குன்றைக் குறிக்கும் மலாய்ச் சொல். 'பாத்தோக்' என்பது தென்னையைச் சுட்டும் ஜாவானியச் சொல் என்பர் சிலர். கல்லைக் குறிக்கும் சொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். இரண்டுமே பொருந்துவன போலத் தோன்றும். இவ்வட்டாரத்தில் கருங்கல் வெட்டியெடுத்த இடங்கள் இருந்தன. கல் வெட்டிய பள்ளமொன்று இன்று நீர் நிறைந்த அழகிய குளமாய் விளங்குகின்றது. 1980-களில் இங்கு அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1990-ஆம் ஆண்டில் விரைவு இரயில் நிலையமும் திறக்கப்பட்டது.

தமிழர் கூடும் தேக்கா வட்டாரத்திற்கும் இத்தகைய வரலாறு உண்டு. சிராங்கூன் சாலையின் தாழ்ந்த நிலத்தில் நீரும் புல்லும் மிகுந்திருந்தமையால் அங்கே மாட்டுத் தொழுவங்கள் பல இருந்தன. மாடுகள் மறைந்தன, ஆயினும் எருமையைக் குறிக்கும் 'கெர்பாவ்' சாலை என்னும் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. நிலத்தின் தொழில் மாறினாலும் பெயர் அதனை எளிதில் மறப்பதில்லை.

அன்றும் இன்றும்

1965-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சம். இன்றோ அது 60 இலட்சத்தைக் கடந்துவிட்டது. கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலத்தையும் கூட்டினாலும், அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டரேயாகும். இச்சிறு நிலத்திற்குள் வீடு, பள்ளி, தொழிற்சாலை, துறைமுகம், நீர்த்தேக்கம் அனைத்தும் அடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் கோழி, முட்டை, பன்றி இறைச்சி ஆகியவற்றில் அந்நாடு தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்டது. பின்னர் நிலைமை மாறிற்று. கிராஞ்சி நீர்த்தேக்கம் அமைந்தபோது, பண்ணைக் கழிவு குடிநீரில் கலத்தலாகாது என்று, அப்பகுதிப் பன்றிப் பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. நிலத்தின் அருமையும் கழிவின் கேடும் கருதி, 1984-இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாகக் கைவிட அரசு முடிவு செய்தது. இன்று அந்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 100-இல் 1 பங்கே வேளாண்மைக்கு உள்ளது. உண்ணும் உணவில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது வெளிநாட்டிலிருந்து வருகின்றது.

இதனை அறியாமையால் நேர்ந்த பிழை என்று கூறுவது முறையன்று. குடிசையில் வாழ்ந்த மக்களுக்கு நல்ல வீடும் தூய நீரும் வேண்டியிருந்தன. துறைமுகமும் தொழிலும் ஈட்டிய பொருளைக்கொண்டு உணவை வாங்கலாம் என்று அந்நாடு கணக்கிட்டது. அக்கணக்குப் பெரும்பாலும் பலித்தது. ஆயினும், வாங்குவோரிடம் பணம் இருந்தால் மட்டும் போதாது. விற்பவரிடம் பண்டமும் இருத்தல் வேண்டும்.

பணம் இருந்தும் பண்டம் இல்லாத நாள்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பர்மா, சயாம் நாடுகளின் அரிசி வரத்துக் குன்றியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் மரவள்ளிக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் நட்டு உயிர் காத்தனர். கிழங்கு நடுவதற்கு அன்று மண் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உள்ளன. 2022 ஜூன் முதல் நாளில், உள்நாட்டுத் தட்டுப்பாட்டின் காரணமாக, மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டில் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்தே சென்றிருந்தது. 2023 ஜூலையில், இந்தியா பாசுமதியல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது; பின்னர்ச் சிங்கப்பூருக்குத் தனி இசைவு அளித்தது. இவை பகையினால் நேர்ந்தவையல்ல. தன் பிள்ளையின் பசி தீர்த்த பிறகே எவரும் அயலாருக்கு அள்ளிக் கொடுப்பர்.

காக்கும் வழிகள்

இதனை உணர்ந்த சிங்கப்பூர், 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் பகுதிகளிலிருந்தும் உணவு வாங்குகின்றது. அரிசி இறக்குமதி செய்வோர் குறிப்பிட்ட அளவைச் சேமிப்பில் வைத்திருத்தல் வேண்டும் என்பது அங்குச் சட்டம். 2019-இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு நிறுவப்பட்டது. உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை 2030-க்குள் உள்நாட்டிலேயே விளைவிக்கும் ஆற்றல் பெறவேண்டும் என்ற இலக்கும் அவ்வாண்டில் வகுக்கப்பட்டது. கட்டடத்திற்குள் அடுக்கடுக்காய்க் கீரை வளர்த்தனர். வாகன நிறுத்துமிடங்களின் மேல்தளத்திலும் பயிரிட்டனர். ஆனால் செயற்கை ஒளிக்கும் குளிரூட்டலுக்கும் ஆகும் மின்செலவு பெரிது. கடையில் விலை மலிந்த இறக்குமதிக் கீரையோடு அவை போட்டியிட வேண்டியிருந்தது. பண்ணைகள் சில மூடப்பட்டன. 2025 நவம்பரில் அவ்விலக்குக் கைவிடப்பட்டு, காய்கறி வகையில் 20 விழுக்காடு, முட்டை, மீன் முதலிய புரத வகையில் 30 விழுக்காடு என 2035-க்குரிய புதிய இலக்கு வகுக்கப்பட்டது.

இதில் நாம் கற்கும் பாடம் யாது? கதிரவன் விலையின்றி ஒளி தர, மழை விலையின்றி நீர் தர, மண் செய்துவந்த தொழிலைக் கட்டடத்திற்குள் செய்விப்பது மிகக் கடினம். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதனைச் சிமெண்டால் மூட ஒரு நாள் போதும். புக்கிட் பாத்தோக்கில் வீடு எழுந்த நிலம் இனி எளிதில் விளைநிலமாகாது.

நமக்குரிய கடமை

சிங்கப்பூரின் சந்தைக்கு ஜோகூர்ப் பாலம் கடந்து செல்லும் காய்கறியும் முட்டையும் நம் நாட்டு நிலத்தில் விளைந்தவை. இங்கும் நகரையொட்டிய தோட்டங்கள் வீடமைப்பு மனைகளாகி வருகின்றன. வீடு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தோட்டத் தொழிலாளர்க்கும் சொந்த வீடு வேண்டும். ஆனால் கல் பாங்கான நிலமும் பயனற்றுக் கிடக்கும் நிலமும் இருக்க, வளமான மண்ணில் முதலில் கட்டுதல் விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும். பயிரிடுவோர்க்கு நீண்டகாலக் குத்தகையும் வேண்டும். நாளை வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சும் உழவன் இன்று மண்ணுக்கு எருவிட மாட்டான். சிங்கப்பூரில் 2017 முதல் புதிய பண்ணை நிலங்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுவது இக்கருத்துப் பற்றியே.

செம்பனை எண்ணெய் உணவே. எனினும் எண்ணெயை மட்டும் உண்டு எவரும் வாழ இயலாது. ஆதலின், முன்னோர் லயத்து வீட்டின் பின்புறம் போட்ட கீரைப்பாத்தியையும் முருங்கையையும் வாழையையும் நாமும் பேணுவோம். மாணவர்கள் பள்ளித் தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தி வளர்க்கக் கற்க வேண்டும். தட்டில் இட்ட சோற்றை வீணாக்காதிருப்பதும் விளைநிலத்தைக் காப்பதேயாகும். நகரம் வளரட்டும், அதற்குச் சோறிடும் நிலமும் வாழட்டும்!

பயிற்சி வினாக்கள்

1. சிங்கப்பூர் பன்றி வளர்ப்பைக் கைவிட்டதற்குரிய காரணங்கள் யாவை?
2. பணம் இருந்தும் உணவு கிடைக்காத நிலை எவ்வாறு ஏற்படும்? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. உம் வீட்டில் ஒரு நாள் உண்ட உணவுப் பொருள்களைப் பட்டியலிட்டு, அவை விளைந்த நாடுகளைப் பெற்றோரிடமும் கடைக்காரரிடமும் கேட்டு எழுதுக.