ஆராய்ச்சி நிதியோடு இடம் மாறும்போது

வேலை மாறும் நம்மவர்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளி, கேஸ் இணைப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். நடந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சித் திட்டம் மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

'என் பிராஜெக்ட்' என்று நாம் சொன்னாலும் பணம் வருவது நிறுவனத்தின் பெயருக்கே. ஆகவே நிதி தந்த அமைப்பின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அது நம்மோடு வராது. (எஸ்.இ.ஆர்.பி. பார்த்துவந்த பணியை 2024 முதல் ஏ.என்.ஆர்.எஃப். பார்க்கிறது.) பழைய இடத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று, புதிய இடத்தின் சம்மதக் கடிதம், அன்றுவரையிலான செலவுக் கணக்கு, கருவிகளின் பட்டியல் ஆகியவை வேண்டும். பணம் செலவான விதத்துக்குச் சான்று, பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தில். இழுபறி பெரும்பாலும் கணக்குப் பிரிவில்தான். மார்ச் கடைசியில் போய் நின்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்!

கருவிகளையும் நம் இஷ்டத்துக்கு லாரியில் ஏற்றிவிட முடியாது. அதற்கும் அனுமதி வேண்டும். பெரிய கருவி என்றால் பழைய துறைக்கு விட மனம் வராது.

நான் பணிவிடுப்பு ஆணை வாங்கிய பிறகே இதையெல்லாம் கேட்டேன். என்னிடம் ஜே.ஆர்.எஃப். ஆக இருந்த பெண்ணுக்கு ஐந்து மாதம் உதவித்தொகை வரவில்லை. ஹாஸ்டல் பாக்கியை அவள் அப்பா கடன் வாங்கிக் கட்டினார்.

ராஜினாமா கொடுக்குமுன்பே நிதி அமைப்புக்கு எழுதிவிடுங்கள். மாணவர் உங்களோடு வருகிறாரா, அவருடைய பி.எச்டி. பதிவு எங்கே இருக்கும் என்பதை அவரிடமே கேட்டு, அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.