வாத்தியாரா, கோச்சா: ஏ.ஐ. யார் வேலையைத் தொடும்?

நம்பிக்கை: பாடம் நடத்துவது படித்தவர் வேலை, அதற்குப் பயமில்லை. விளையாட்டு, பொழுதுபோக்கை நம்பியவர் பிழைப்புதான் முதலில் போகும்.

உண்மை: வண்ணாரப்பேட்டையில் பிள்ளையை பி.எட். சேரச் சொல்லும் பெற்றோர் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 702 தொழில்களை அலசி, எதை எந்திரம் பிடுங்கும் என்று வரிசைப்படுத்தினார்கள். ஆபத்து மிகக் குறைந்த தொழிலாக வந்தது, விளையாட்டும் கலையும் கொண்டு நோயாளிகளைத் தேற்றும் பணி. தொடக்கப் பள்ளி ஆசிரியர், கோச் இருவருமே பாதுகாப்பான பக்கத்தில்தான் இருந்தார்கள்.

பத்தாண்டு கழித்து சாட்ஜிபிடி வந்த பிறகு காற்று மாறியது. 2023-இல் ஆய்வாளர் ஃபெல்டனின் குழுவினர் அமெரிக்கத் தொழில்களை வைத்துச் செய்த ஆய்வில், அதன் தாக்கம் அதிகம் படும் தொழில்களின் முன்வரிசையில் கல்லூரிகளில் மொழி, இலக்கியம், வரலாறு நடத்துபவர்கள் நின்றார்கள். தாக்கம் என்றால் உடனே வேலை போய்விடும் என்று பொருளில்லை. நோட்ஸ் எழுதுவது, வினாத்தாள் தயாரிப்பது, கட்டுரை திருத்துவது போன்றவற்றை எந்திரமும் செய்யும். நோட்ஸை மட்டுமே விற்கும் டியூஷன்தான் கவலைப்பட வேண்டும்.

நம்பிக்கை: அப்படியானால் விளையாட்டுத் துறையில் எல்லா வேலையும் பத்திரம்.

உண்மை: அதுவும் இல்லை. அதே 2013 ஆய்வு அம்பயர், ரெஃப்ரி வேலைக்கு 98 சதவீத ஆபத்து என்றது. 2025 முதல் விம்பிள்டனில் கோட்டோரம் நிற்கும் நடுவர்கள் இல்லை, கேமராதான் தீர்ப்புச் சொல்கிறது. தியேட்டர்களில் ஃபிலிம் ரீல் ஓட்டிய ஆபரேட்டர்களை டிஜிட்டல் புரொஜெக்டர் எப்போதோ அனுப்பிவிட்டது. அதற்கு ஏ.ஐ.கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் கேரம் கோச்சைப் பாருங்கள். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டும் அப்பாவே அவருக்குப் பயிற்சியாளர். ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்பதை ஒரு செயலிகூடக் கணக்குப் போட்டுக் காட்டிவிடும். அடிக்கும் நேரத்தில் பிள்ளையின் முழங்கை விறைப்பதைக் கண்டு தோளைத் தொட்டுத் தளர்த்துவதும், முதல் போர்டு தோற்று அழுபவளை அடுத்த போர்டுக்கு உட்காரவைப்பதும் பக்கத்தில் இருக்கும் ஆளால்தான் முடியும். ஒன்றாம் வகுப்பு டீச்சரின் வேலையும் பெரும்பாலும் இதே ரகம்தான். பள்ளி, மைதானம் என்று பிரித்துப் பார்ப்பதால் பயனில்லை. ஒரே ஆளின் வேலையிலேயே எந்தப் பகுதி காகிதத்தோடு முடிகிறது, எந்தப் பகுதி பிள்ளையோடு நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: எந்திரத்தால் முடியாத வேலையென்றால் சம்பளத்துக்குக் குறைவிருக்காது.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, கணினி, தையல் போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேர் எடுக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது; பதினோரு ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2023-இல்தான் 12,500 ஆக்கும் அறிவிப்பு வந்தது. இடையில் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் பலரை விரட்டியது எந்த எந்திரமும் இல்லை, அந்தச் சம்பளம்தான்.

ஸ்மார்ட் கிளாஸ் வந்தால் மகிழ்வோம், வரட்டும். ஆனால் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோரே, திரை எத்தனை அங்குலம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பள்ளியில் முழுநேர பி.டி. வாத்தியார் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்தப் பணியிடத்தைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.