மினிக்கு எந்த பிளக் ஒயர்?

கேள்வி: இன்ஜினை ட்யூன் செய்த பழைய மினி காருக்கு 8 மி.மீ. பிளக் ஒயர் போட்டால் சக்தி கூடுமா?

பதில்: கூடாது. 8 மி.மீ. என்பது உறையோடு சேர்ந்த கனம். பார்க்க வேண்டியது உள்ளே ஓடும் கம்பியை. வெறும் செம்புக் கம்பி ரேடியோவை இரைய வைக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷனையும் குழப்பக்கூடும். கார்பன் இழை மலிவுதான். ஆனால் ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். சுருள் கம்பியும் சிலிகான் உறையும் கொண்டதே நல்ல தேர்வு.

மினிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. 1959-இல் வந்த முதல் வண்டியிலேயே டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக்குகளும் முன் கிரில்லுக்கு நேர் பின்னால்தான் இருந்தன. மழையில் ஓட்டினால் சாரல் நேராக அங்கேதான் அடிக்கும், வண்டி திக்கித் திணறி நின்றுவிடும். அதனால் இரு முனையிலும் கச்சிதமாகக் கவ்வும் ரப்பர் மூடி மிக அவசியம்.

பழைய ஒயரைச் சோதிப்பது எளிது. இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது கை படாமல் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியும்.