கடைசி இலக்கமும் கணினியும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கே நீளும் கடற்கரையின் தென்வாயிலாய் விளங்குவது சென்னைத் துறைமுகம். அதன் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1ஆம் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன். கணக்கேட்டில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் கூட்டுத்தொகை பொருந்தாது. அவர் பின்னாளில் கண்ட எண்விதி ஒன்றும் கடைசி இலக்கத்திலேயே உயிர்கொண்டுள்ளது. அவ்விலக்கத்தைக் கணினி காக்கும் வகையினை ஈண்டுக் காண்போம்.

எண்பிரிவு விதி

4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 9ஐ 30 வகையாகவும், 14ஐ 135 வகையாகவும் பிரிக்கலாம். 4இலோ 9இலோ முடியும் எந்த எண்ணுக்கும் இப்பிரிவுத்தொகை ஐந்தால் மீதியின்றி வகுபடும். அதாவது 0 அல்லது 5இல் முடியும். மேஜர் மக்மகான் கையால் கணித்த, 200 வரையிலான அட்டவணையை ஆராய்ந்து இராமானுசன் 1919இல் இவ்விதியை வெளியிட்டார். 199க்குரிய தொகை 3646072432125 ஆகும்.

கணினியின் எல்லை

எண் வளருங்கால் இடர் தோன்றுகிறது. 1000க்குரிய பிரிவுத்தொகை 24061467864032622473692149727991. இதில் 32 இலக்கங்கள் உள்ளன. 64 பிட் கணினி முழு எண்ணுக்கு ஒதுக்கும் ஓரிடத்தில் 18446744073709551615 வரையே அடங்கும். தசம எண்களுக்குரிய வழக்கமான முறையைக் கையாண்டாலோ முதல் 15 அல்லது 16 இலக்கங்களே நம்பத்தக்கவை, எஞ்சியவை மழுங்கிவிடும். மழுங்கிய எண்ணிடம் ஐந்தால் வகுபடுமா என வினவிப் பயனில்லை.

பேரெண் நூலகம்

இவ்விடரைத் தீர்ப்பவை பேரெண் கணக்கிற்கான மென்பொருள் நூலகங்கள். பிற நிரல்கள் எடுத்தாளும் கணக்கு முறைகளின் தொகுப்பையே இங்கு நூலகம் என்கிறோம். டோர்பியோன் கிரான்லுண்டு தொடங்கிய ஜி.எம்.பி. நூலகம் 1991இல் முதன்முதல் வெளிவந்தது. அதனை எவரும் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். அது பேரெண்ணைத் துண்டுகளாக்கி நினைவகத்தில் வரிசையாக வைக்கிறது.

ஆயிரம் துண்டுகள் கொண்ட இரண்டு எண்களைப் பள்ளி முறையில் பெருக்கினால் பத்து இலட்சம் சிறு பெருக்கல்கள் வேண்டும். 1960இல் மாஸ்கோவில் 23 வயது இளைஞரான கரட்சுபா சிக்கன வழி கண்டார். 23 × 14 என்பதற்கு வழக்கமாக நான்கு பெருக்கல்கள் தேவை. அவர் வழியில் 2×1=2, 3×4=12, (2+3)×(1+4)=25 என மூன்றே போதும். 25இலிருந்து 2ஐயும் 12ஐயும் கழிக்க 11 கிடைக்கும்; 200+110+12=322. பேரெண்களைப் பாதி பாதியாக இவ்வாறு பிரித்துச் செல்லச் செல்லச் சேமிப்பு பெருகுகிறது. இன்னும் பெரிய எண்களுக்கு 1971இல் ஷோன்ஹாகேயும் ஸ்ட்ராசனும் கண்ட முறை பயன்படுகிறது. எண்ணின் அளவறிந்து ஏற்ற முறையைத் தேர்வதே நூலகத்தின் விரைவுக்குக் காரணம்.

நிறைவாக

ஹார்டியும் இராமானுசனும் 1918இல் தந்து, ராடமாக்கர் 1937இல் செம்மைசெய்த சூத்திரத்துடன் விரைவுப் பெருக்கலை இணைத்து, 1க்குப்பின் 20 சுழிகள் கொண்ட எண்ணின் பிரிவுத்தொகையை 2014இல் பிரெட்ரிக் யோகான்சன் கணித்தார். அவ்விடையில் 1,100 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

மாணவ நண்பர்களே! தோராயம் போதுமான இடங்கள் பல. போதாத இடங்களும் உள. கணினி தரும் விடையை ஏற்குமுன், அது எந்த இலக்கம் வரை மெய் என வினவும் பழக்கத்தை நாம் கைக்கொள்வோமாக.